மூச்சு இருக்கிறது, முதல் பத்து மீட்டர் இல்லை: பெண்கள் காற்பந்து அணிக்கு வேகப் பயிற்சி எப்படி?

செம்பனைத்திடல் எழுதியது:

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 14 முதல் 17 வயது வரையுள்ள பெண்களின் காற்பந்து அணி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் வாங்கும் பயிற்றுநர் இல்லை, வேலை முடிந்து மாலையில் திடலுக்கு வருகிறவன். பாதிப் பிள்ளைகள் தோட்டத்து லயங்களிலிருந்து வருகிறார்கள், மீதிப் பேர் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்து.

எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சுக்குக் குறைவில்லை. திடலைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னால் ஓடி முடித்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே தண்ணீர் குடிப்பார்கள். பள்ளியில் நடக்கும் செகாக் உடற்தகுதிச் சோதனையிலும் நல்ல புள்ளிகள். ஆனால் ஆட்டத்தில் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் பந்து விழுந்தால், எதிரணிப் பெண்தான் முதலில் போய்ச் சேருகிறாள். களைப்பினால் என்றும் சொல்ல முடியாது. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே பிந்திவிடுகிறார்கள்.

உடற்பயிற்சிக் கூடம் இல்லை. நிறுத்துக் கடிகாரம், கொஞ்சம் கூம்புகள், ஒரு கைப்பேசி, அவ்வளவுதான் கையிருப்பு. மாவட்டப் போட்டிக்கு முன்னால் என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழையகால் எழுதியது:

தம்பி, பத்துச் சுற்று போதாது, இருபது ஓடச் சொல்லுங்கள். நாங்கள் தோட்டக் கிண்ணத்துக்கு ஆடிய காலத்தில் காலணியே கிடையாது. விடியற்காலையில் பால்மரக் காட்டு மேட்டில் ஏறி இறங்கிவிட்டுத்தான் பந்தைத் தொடுவோம். இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கூம்பு வேண்டும், கைப்பேசி வேண்டும்.

வேகம் என்பது பிறவியில் வருவது. கோலகங்சாரில் பிறந்த டாக்டர் ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை ஆள் வரவில்லை. எம். ராஜாமணி 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அவர்களுக்கெல்லாம் யார் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினார்கள்? மூச்சை வளர்க்கலாம். கால் வேகத்தை ஆண்டவன் கொடுத்தால்தான் உண்டு.

---

திடல்வாத்தியார் எழுதியது:

பழையகால் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். ஜெகதீசன் பிறவித் திறமையை மட்டும் வைத்துக்கொண்டு மெக்சிகோ போகவில்லை. பல ஆண்டுகள் ஓட்டப் பயிற்சி எடுத்தவர். பயிற்சி பெற்றவரையே பயிற்சி வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக அழைப்பது நியாயமா?

செகாக் பற்றி உடற்கல்வி ஆசிரியனாக ஒரு விளக்கம். அதில் என்னென்ன இருக்கிறது? மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்குவது, ஒரு நிமிடம் தண்டால், ஒரு நிமிடம் வயிற்றுத் தசைப் பயிற்சி, உட்கார்ந்து கைநீட்டி எட்டுவது, கூடவே உயரத்துக்கேற்ற எடை. இந்தப் பட்டியலில் வேகமாக ஓடுவது எங்கே? எங்குமே இல்லை. பொதுவான ஆரோக்கியத்தைப் பார்க்க வைத்த சோதனை அது. அதில் நல்ல புள்ளி வாங்கிய பெண் பத்து மீட்டரில் பிந்துவதில் வியப்பே இல்லை, அவளை யாரும் அதில் சோதித்ததே இல்லை.

‘பீப்’ ஒலிக்கு ஏற்ப 20 மீட்டர் போய்வரும் சோதனையும் அப்படித்தான். மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி ஒவ்வொரு நிமிடமும் அரை கிலோமீட்டர் கூடும். மூச்சின் எல்லையை அது சொல்லும். தெறித்துக் கிளம்பும் திறனைச் சொல்லாது.

---

மூட்டும்தசையும் எழுதியது:

ஈப்போவில் பிசியோதெரபி பார்க்கிறேன், வார இறுதியில் ஒரு பெண்கள் அணிக்கும் உதவுகிறேன்.

காற்பந்தில் வேக ஓட்டம் என்பது பெரும்பாலும் 20 மீட்டருக்குள், இரண்டு மூன்று வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்துக்கு உடல் பெரும்பாலும் எரிப்பது தசையிலேயே சேமித்து வைத்திருக்கும் பாஸ்போகிரியேட்டினை. மூச்சு வழி வரும் ஆக்சிஜன் அதற்குள் வந்து கைகொடுக்க நேரமில்லை. சேமிப்பு தீர்ந்தால், பாதி திரும்புவதற்கு அரை நிமிடம் போல ஆகும், முழுதாக நிரம்பச் சில நிமிடங்கள். அதனால்தான் வேகப் பயிற்சியில் ஓய்வைத் திருடக் கூடாது. பத்து மீட்டர் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நிமிடம் நிற்கட்டும், முப்பது மீட்டர் என்றால் மூன்று நிமிடம். பார்ப்பவருக்குப் பிள்ளைகள் சும்மா நிற்பதுபோல் தெரியும். பெற்றோர் சிலர் கேட்பார்கள். பரவாயில்லை.

நம் ஊர்ப் பயிற்சியில் நடப்பதோ வேறு. பத்து ஓட்டம், இடையில் பத்து வினாடி ஓய்வு, பயிற்றுநர் ஊதலோடு அதட்டல். மூன்றாவது ஓட்டத்திலிருந்து அது வேகப் பயிற்சி இல்லை, மெதுவாக ஓடப் பழகும் பயிற்சி.

---

பழையகால் எழுதியது:

டாக்டர் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. ஒரு முறை பத்து மீட்டர் ஓடிவிட்டு ஒரு நிமிடம் நிற்க நடுவர் விடுவாரா? எழுபதாவது நிமிடத்திலும் ஓட வேண்டுமே. அப்போது மூச்சு இல்லாதவள் என்ன செய்வாள்?

---

மூட்டும்தசையும் எழுதியது:

நான் டாக்டர் இல்லை ஐயா. ஆனால் கேள்வி சரியான கேள்வி, தள்ளிவிட முடியாது.

டென்மார்க்கின் உயர்நிலை மகளிர் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 2005இல் வெளியான ஆய்வில், ஒருவர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 10.3 கிலோமீட்டர் ஓடினார். அதில் கடும் வேகத்தில் ஓடியது 1.3 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 1.3 கிலோமீட்டரில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்தது. யோ-யோ சோதனையில் அதிக தூரம் போனவர்கள்தான் ஆட்டத்திலும் கடும் வேகத்தில் அதிகம் ஓடினார்கள். 20 மீட்டர் போய்த் திரும்பி, பத்து வினாடி நடந்து, மறுபடி ஓடும் சோதனை அது. ஆக, திரும்பத் திரும்ப ஓடுவதற்கு மூச்சு வேண்டும் என்பது உண்மை. சேமிப்பை நிரப்பித் தருவது அந்த மூச்சுதான்.

ஆனால் செம்பனைத்திடலின் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது எதுவோ அதைத்தானே கொடுக்க வேண்டும்? இருக்கிற மூச்சின் மேல் இன்னும் இருபது சுற்று ஏற்றி என்ன பயன்?

ஜெர்மன் ஆண்கள் லீக்கின் கோல்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. கோல் அடித்தவர் அதற்குச் சற்று முன் செய்த வேலைகளில் அதிகம் காணப்பட்டது நேர்கோட்டு வேக ஓட்டம், 45 விழுக்காடு. ஆண்களின் கணக்கு அது, அப்படியே பெண்களுக்கு ஒட்டக் கூடாது. இருந்தாலும் கோல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு குறிப்பு.

---

செம்பனைத்திடல் எழுதியது:

இன்று மாலை வலது விளிம்பில் ஆடும் பிள்ளையைக் கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடித்தேன். வெறும் கண்ணுக்குத் தெரியாதது அதில் தெரிந்தது. அவள் இரண்டு பாதமும் தரையில் பதிய, முதுகு நிமிர்ந்து நிற்கிறாள். பந்து போனதும் முதலில் உடம்பு பின்னால் சாய்கிறது, அதன் பிறகுதான் முன்னால் வருகிறது. முதல் காலடியில் குதிகால் உடம்புக்கு முன்னால் போய் ஊன்றுகிறது. ஊன்றும்போது புல்லில் தண்ணீர் முன்பக்கமாகத் தெறிக்கிறது. பக்கத்தில் ஓடிய இன்னொரு பிள்ளைக்கு அது பின்பக்கமாகத் தெறித்தது. அந்தப் பிள்ளை அவளைவிடக் குட்டை, சுற்று ஓட்டத்தில் எப்போதும் கடைசி. பத்து மீட்டரில் அவள்தான் முதல்.

நாளைக்கே அந்தக் குட்டைப் பிள்ளையை விளிம்பில் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

---

மூட்டும்தசையும் எழுதியது:

தண்ணீர் தெறித்ததைப் பார்த்தீர்களே, பாடம் அதிலேயே இருக்கிறது. கால் உடம்புக்கு முன்னால் ஊன்றினால் தன்னையே தடுத்துக்கொள்கிறாள். முதல் சில அடிகளில் உடம்பு முன்சாய்ந்து, கால் இடுப்புக்குக் கீழோ சற்றுப் பின்னாலோ ஊன்றி, தரையைப் பின்னால் தள்ள வேண்டும். “வேகமாக ஓடு” என்று கத்தாதீர்கள். “தரையைத் தள்ளு” என்று சொல்லிப் பாருங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் போதும், உடம்பு சூடேறிய உடனே, பந்துப் பயிற்சிக்கு முன்னால். 10 மீட்டர் ஐந்தாறு, 20 மீட்டர் நாலைந்து. ஒவ்வொன்றும் முழு வேகம், இடையில் முழு ஓய்வு. நின்றபடி, முழந்தாளிட்டபடி, குப்புறப் படுத்தபடி, முதுகு காட்டி நின்று திரும்பியபடி எனக் கிளம்பும் நிலையை மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு பேரை ஒரே பந்துக்கு விடுங்கள். கடிகாரத்துக்காக ஓடாத பிள்ளை கூட்டாளியைத் தோற்கடிக்க ஓடுவாள்.

பெண் பிள்ளைகளுக்குப் பருவமடைந்த பிறகு எடை கூடுகிறது. தசை வலு அதே அளவில் தானாகக் கூடுவதில்லை. அந்த வயதில் பல பிள்ளைகளின் வேகம் அப்படியே நின்றுவிடுவதற்கு அது ஒரு காரணம். கூடம் இல்லையென்றால் முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பொட்டலம் போதும். ஒற்றைக் காலை முன்வைத்து உட்கார்ந்து எழுவது, படுத்து இடுப்பைத் தூக்குவது, பலகை மேல் ஒற்றைக் காலால் ஏறுவது. பின்தொடைக்கு நார்டிக் பயிற்சி: முழந்தாளிட்டு நிற்பவளின் கணுக்காலை ஒருத்தி பிடித்துக்கொள்ள, உடம்பை முன்னால் மெல்ல மெல்ல இறக்குவது. முதல் வாரம் நாலைந்துக்கு மேல் வேண்டாம், மறுநாள் படியேற முடியாமல் வலிக்கும். அதைப் பயிற்சியில் சேர்த்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது.

பழையகால் ஐயாவுக்கு ஒன்று. நீங்கள் பால்மரக் காட்டு மேட்டில் எப்படி ஏறினீர்கள்? மெதுவாக நெடுந்தூரமா, போட்டி போட்டுக்கொண்டு குறுகிய ஏற்றமா?

---

பழையகால் எழுதியது:

போட்டிதான். மேட்டின் உச்சியில் பால் நிறுக்கும் கொட்டகை இருந்தது. கடைசியாகத் தொடுகிறவன் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். இறங்கும்போது நடந்துதான் வருவோம், செம்மண் வழுக்கும்.

---

திடல்வாத்தியார் எழுதியது:

அப்படியானால் ஐயா, நீங்கள் செய்தது சுற்று ஓட்டமே இல்லை. குறுகிய ஏற்றம், முழு வேகம், நடந்து இறங்கும் ஓய்வு! இன்றைக்குப் பெரிய அணிகள் இதைத்தான் காசு கொடுத்துச் செய்கின்றன. ஏற்றத்தில் ஓடும்போது உடம்பு தானாகவே முன்சாயும், குதிகாலை முன்னால் ஊன்ற இடமிருக்காது. செம்பனைக்காட்டுச் சரிவில் 15, 20 மீட்டர் ஏற்றம் ஒன்று கிடைத்தால் போதும். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம்.

---

ஏழாம்கட்டை எழுதியது:

நான் ஓர் ஆட்டக்காரியின் அம்மா. நீங்கள் எல்லோரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள், வயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் மகள் காலை ஆறு மணிக்குப் பள்ளி பஸ் ஏறுகிறாள். பசியாறாமல்தான் போவாள், அந்த நேரத்தில் சாப்பாடு இறங்காது என்பாள். ஓய்வு நேரத்தில் ஒரு சிறு நாசி லெமாக் பொட்டலம், பிறகு மூன்று மணிக்கு வீட்டில் சோறு, ஐந்து மணிக்குத் திடல். சில மாதங்களாக ஓடினால் தலைசுற்றல், படியேறினால் மூச்சு வாங்கல். சோம்பல் என்று திட்டினேன். மருந்தகத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் குறைவு. பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச் சோகை என்றார்கள். மாதவிலக்கில் இரத்தம் போகிறது, சாப்பாட்டில் இரும்புச் சத்து போதவில்லை, மேலே ஓட்டம். அங்கே சொன்னபடி மாத்திரை எடுத்த பிறகு ஆள் மாறிவிட்டாள்.

சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்தினேன். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னார்கள். கீரை, பயறு, தெம்பே சாப்பிடும்போது கூடவே கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல். அவளுக்குப் பிடிக்காது, மிளகு போட்டு வறுத்தால் வாயைத் திறக்கிறாள்.

---

மூட்டும்தசையும் எழுதியது:

நன்றி அக்கா. இரத்தப் பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம் என்று மற்றவர்களுக்கு ஒரு வரி. கூடுதலானாலும் கெடுதல்.

இன்னொன்று. ஒல்லியாக இருந்தால் வேகம் வரும் என்று நம்பிச் சோற்றைக் குறைக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு இல்லையென்றால் மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றே போகும், எலும்பு பலவீனமாகும். 2014இலேயே அனைத்துலக ஒலிம்பிக் குழு இதைப் பற்றி நிபுணர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மாதவிலக்கு நின்றால் ‘பயிற்சி கடுமை’ என்று பெருமைப்படக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

---

பதினொன்றாம் எண் எழுதியது:

நான் படிவம் நான்கு மாணவி, விளிம்பு ஆட்டக்காரி. வேறு அணி. பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா தெரியவில்லை, ஆனால் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சுற்று ஓட்டம் பயிற்சியே இல்லை, தண்டனை. தாமதமானால் ஐந்து சுற்று, பந்தைத் தவறவிட்டால் இரண்டு சுற்று. அப்புறம் எப்படி ஓட்டம் பிடிக்கும்?

என் முதல் காற்பந்துக் காலணி அண்ணனுடையது, முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொண்டேன். கால் உள்ளேயே வழுக்கும், எங்கே தரையைத் தள்ளுவது? விளையாட்டுக்கான உள்ளாடை என்று ஒன்று இருப்பது 15 வயது வரை எனக்குத் தெரியாது. சாதாரண உள்ளாடையோடு முழு வேகத்தில் ஓட வலிக்கும். கையை நன்றாக வீசாமல் மார்போடு ஒட்டி வைத்து ஓடுவேன். பயிற்றுநர் “கையை வீசு, கையை வீசு” என்று கத்துவார். காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? ஓர் அக்கா வாங்கிக் கொடுத்த பிறகுதான் கை வீசி ஓடுகிறேன்.

வெள்ளைக் கால்சட்டையும் வேண்டாம். 2023 உலகக் கிண்ணத்துக்கு முன் இங்கிலாந்து மகளிர் அணியே வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது. மாதவிலக்கு நாளில் வெள்ளை போட்டால் பாதிக் கவனம் பின்னால்தான் இருக்கும்.

---

செம்பனைத்திடல் எழுதியது:

தங்கச்சி, தாராளமாக எழுதுங்கள். எங்கள் அணிக் கால்சட்டையும் வெள்ளைதான், அடுத்த முறை கருநீலம். உள்ளாடை விஷயத்தை நான் பேச முடியாது. அணிக்கு உதவும் அக்கா ஒருவரைப் பிள்ளைகளோடு பேசச் சொல்கிறேன். செலவை அணி நிதியில் போடலாம், கூம்பு வாங்குவதைவிட அது முக்கியம்.

மாதவிலக்கு நாளில் பிள்ளைகளை ஓடவிடலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா?

---

மூட்டும்தசையும் எழுதியது:

நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அந்த முதல் நாட்களில் செயல்திறன் மிகச் சிறிதளவே குறைகிறது என்கிறார்கள், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். வலி உள்ளவள் குறைத்துக்கொள்ளட்டும், இல்லாதவள் வழக்கம்போல் ஓடட்டும். முடிவு அவளுடையது.

முழங்கால்தான் என் கவலை. ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே, திடீரென நிற்கும்போதும் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும் நடக்கிறது. வேகம் கூடினால் நிறுத்தும் வலுவும் கூட வேண்டும். ஓடும் தூரத்தை மட்டும் அளந்துவிட்டு, எத்தனை அடிக்குள் நிற்கிறாள், நிற்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

‘ஃபிஃபா 11+’ என்ற தயார்ப்படுத்தும் பயிற்சி 20 நிமிடம் எடுக்கும், கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரை வைத்துச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். அதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறத்தாழ பாதியும் குறைந்தன. திடலைச் சுற்றும் அந்த நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

---

திடல்வாத்தியார் எழுதியது:

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுக்கும் வெப்பக் குறியீடு 32 பாகையைத் தாண்டினால் ஃபிஃபா ஆட்டத்தின் நடுவே குளிர்விப்பு இடைவேளை விடுகிறது. நம் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் அதற்கு நெருக்கமாகவே இருக்கும். முழு வேகப் பயிற்சியை ஐந்தரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் திடலைக் காலி செய்யுங்கள், கோல் கம்பத்தின் அருகே ஒதுங்குவதும் கூடாது.

---

செம்பனைத்திடல் எழுதியது:

கடைசியாக அளவு பற்றி. நிறுத்துக் கடிகாரத்தில் ஒரே பிள்ளைக்கு 1.8 வருகிறது, பிறகு 2.1 வருகிறது. இதை வைத்து முன்னேற்றத்தை எப்படிச் சொல்வது?

---

திடல்வாத்தியார் எழுதியது:

சொல்ல முடியாது. ஓட்டப் பந்தயத்திலேயே கையால் அமுக்கும் கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டுவார்கள். 100 மீட்டரில் அது சிறிது. இரண்டு வினாடியில் முடியும் பத்து மீட்டரில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். நீங்கள் தேடுவதோ 0.1 வினாடி. அந்த வேகத்தில் 0.1 வினாடி என்றால் அரை மீட்டருக்குச் சற்று மேல், பந்துக்கு முன்னால் தோளை நுழைக்கப் போதுமான இடம்.

கைப்பேசியைத் தாங்கியில் வைத்து, கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, 5 மீட்டர் குறிக்கு நேராக நிறுத்துங்கள். தொடக்கக் கம்பும் முடிவுக் கம்பும் படத்துக்குள் வர வேண்டும். வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டம் பல கைப்பேசிகளில் இருக்கிறது. பின்கால் தரையை விட்ட படத்திலிருந்து இடுப்பு கம்பைத் தாண்டும் படம் வரை எண்ணி 240ஆல் வகுத்தால் நேரம். கைப்பேசி சாய்வாகப் பார்ப்பதால் கம்பு இருக்கும் இடம் சற்று ஏமாற்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே தூரத்தில் வைத்தால் ஏமாற்றும் அளவும் மாறாது, ஒப்பிடலாம். ஆளுக்கு மூன்று ஓட்டம், சிறந்ததைக் குறியுங்கள். நனைந்த புல்லின் நேரத்தைக் காய்ந்த புல்லோடு சேர்க்காதீர்கள்.

---

பழையகால் எழுதியது:

படம் எண்ணுவதை நீங்கள் பாருங்கள். மேடு வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் பழைய மேட்டில் இப்போது செம்பனைதான், ஆனால் கொட்டகைக்குப் போகும் பாதை இன்னும் இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும், செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் நாலரை வரை ஓடும். சனிக்கிழமை என்றால் நான் வந்து காட்டுகிறேன். தோற்றவர் தேநீர் வாங்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறாது. அந்த அம்மா சொன்னபடி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளியே குடிக்கட்டும்.